சிதைக்கும் குழிக்கும் நடுவே

கி.மு. 525இல் எகிப்தைப் பிடித்த பாரசீக மன்னன் காம்பைசிஸ், சாயிஸ் நகரில் ஏற்கெனவே அடக்கமாகியிருந்த பாரோ அமாசிஸின் பதனமிட்ட சடலத்தை வெளியே இழுத்துப் போடச் சொன்னான். சவுக்கால் அடித்தார்கள், ஊசியால் குத்தினார்கள். பதனமிட்ட உடம்பு எதற்கும் அசையவில்லை. கடைசியில் அதை எரிக்க உத்தரவு வந்தது. இதைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்த ஒரே செயல் இரண்டு மதங்களுக்கும் அடுக்காது என்று விளக்குகிறார். பாரசீகர்களுக்கு நெருப்பு தெய்வம். தெய்வத்துக்குப் பிணத்தைப் படைக்கலாகாது. எகிப்தியர்களுக்கு நெருப்பு ஓர் உயிருள்ள மிருகம். அகப்பட்டதையெல்லாம் தின்றுவிட்டு, தின்றதோடு சேர்ந்து தானும் சாகும். பிணத்தை மிருகத்துக்குத் தீனியாக்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் பதனமிட்டார்கள். காம்பைசிஸைப் பற்றி எகிப்தியர் கட்டிய கதைகளில் இதுவும் ஒன்று என்று ஐயப்படும் ஆய்வாளர்கள் உண்டு. கதை எப்படியானாலும், பிண எரிப்பைப் பற்றிய மதங்களின் பார்வையை ஆராய அதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது. எரிக்காதவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எரிக்காமல் இருந்ததில்லை. எரித்தவர்களும் அப்படியே.

பாரசீகரின் காரணம் ஜரதுஷ்டிர மதத்தின் அடித்தளத்திலிருந்தே வருகிறது. உயிர் பிரிந்த கணத்தில் உடம்பை ‘நசு’ என்னும் தீட்டு பற்றிக்கொள்கிறது. நெருப்பு, நீர், மண் மூன்றும் தூயவை. மூன்றிலும் அந்தத் தீட்டு படக் கூடாது. பிணத்தை எரிப்பவனைக் கொல்லலாம் என்கிற அளவுக்கு வெந்திதாது நூல் கடுமை காட்டுகிறது. மிஞ்சும் ஒரே வழி, மேலே திறந்த வட்டக் கல்மேடையான தக்மாவில் உடலை வைத்து வெயிலுக்கும் கழுகுக்கும் விடுவது. வெளிவட்டத்தில் ஆண்கள், நடுவட்டத்தில் பெண்கள், உள்வட்டத்தில் குழந்தைகள். உலர்ந்த எலும்புகள் நடுவிலுள்ள கிணற்றுக்குப் போகும். மும்பை மலபார் குன்றில், அம்மதத்தவரான பார்சிகளின் தூங்கர்வாடியில் இன்றும் இந்த ஏற்பாடு இருக்கிறது. கழுகுகள்தாம் இல்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990களில் இந்தியக் கழுகினத்தை ஏறத்தாழ அழித்துவிட்டது.

நெருப்பை அதே அளவு போற்றிய வேத மக்கள் நேர் எதிரான முடிவுக்கு வந்ததுதான் வியப்பு. மொழியாலும் வழிபாட்டாலும் ஈரானியருக்கு நெருங்கிய உறவினர் அவர்கள். அவர்களுக்கு அக்கினி, படையலைத் தேவர்களிடம் கொண்டு சேர்க்கும் தூதன். ஆகவே பிணத்தைத் தீயிலிடுவது தீயைத் தீட்டாக்குவதாகாது. அது அந்த மனிதன் செய்யும் கடைசி வேள்வி, அந்தியேஷ்டி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் இறந்தவனைப் பக்குவமாக முன்னோரிடம் சேர்க்கும்படி அக்கினியை வேண்டும் பாடல் இருக்கிறது. அதற்கு முந்தைய பாடலே தீயில் எரிந்த முன்னோரையும் எரியாத முன்னோரையும் ஒருசேர அழைக்கிறது. வேத காலத்திலேயே இரண்டு வழக்கமும் உண்டு என்பதற்கு இது போதும்.

பின்னாளிலும் இந்து சமயத்தில் எரிப்பது பொதுவிதி என்று சொல்லலாமே தவிர, ஒரே விதி என்று சொல்ல முடியாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் புதைக்க வேண்டும் என்பது மனு தர்மத்திலேயே உள்ளது. துறவியை எரிப்பதில்லை, துறவு ஏற்கும்போதே வேள்வித் தீயைத் தனக்குள் வாங்கிக்கொண்டவருக்கு இன்னொரு தீ தேவையில்லை, உட்கார்ந்த நிலையில் சமாதி வைப்பார்கள். இலிங்காயத்தர்கள், கையில் இட்டலிங்கத்தோடு, அதே உட்கார்ந்த நிலையில் புதைக்கிறார்கள். அம்மை கண்டு இறந்தவர் உடம்பில் அம்மன் இருக்கிறாள் என்று புதைத்த வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. தமிழ்நாட்டில் காலங்காலமாகப் புதைத்தே வரும் சமூகங்கள் எத்தனையோ. சுடுகாடு, இடுகாடு என்று இரண்டு சொற்கள் மொழியில் அருகருகே இருப்பது சும்மா இல்லை.

புறநானூற்றில் தாழியும் உண்டு, சிதையும் உண்டு. கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப்போகும் குயவனைப் பார்த்து ஐயூர் முடவனார் இரங்குகிறார். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவனின் ஈமத்தீயில் புகுகிறாள். மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்து வருணனை இன்னும் விரிவானது. எரிப்பவர்கள், திறந்தவெளியில் போட்டுவிட்டு வருபவர்கள், குழி தோண்டி வைப்பவர்கள், பள்ளமான இடத்தில் வைத்து அடைப்பவர்கள், தாழியால் மூடுபவர்கள் என ஐந்து வகையாரும் ஒரே சுற்றுமதிலுக்குள் வந்துபோவதாக அது காட்டுகிறது. ஒருவர் முறையை இன்னொருவர் பழித்ததாக அங்கே ஒன்றும் இல்லை.

தமிழகத்துச் சிதை எப்படி எரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விறகும் வறட்டியும் அடுக்கி, உடலை வைத்து, முகம் மட்டும் தெரிய மேலும் வறட்டியால் மூடி, வைக்கோல் பரப்பிச் சேறு பூசுவது கிராமத்து முறை. சேற்று மூட்டம் சூட்டை உள்ளேயே அடக்கிக் கொஞ்ச விறகில் இரவு முழுக்க நிதானமாக எரிய வைக்கும். கொள்ளி வைப்பவர் தோளில் தண்ணீர்க்குடத்தோடு மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை விழும். மூன்றாம் சுற்றில் குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். பிறகு பால் தெளித்து எலும்பு பொறுக்கும் சஞ்சயனம். ஆசுவலாயன கிருகிய சூத்திரம் இதற்கு ஒரு வரிசை சொல்கிறது: காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். கலத்தில் ஓசை எழாமல் எலும்பை வைக்க வேண்டும்.

இந்த வரிசை இன்று உயிரோடு தெரியும் இன்னொரு நாடு ஜப்பான். அங்கே உலையிலிருந்து தட்டு வெளியே வந்ததும், உறவினர்கள் இருவர் இருவராக நின்று, நீண்ட குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலசத்தில் இடுகிறார்கள். காலில் தொடங்கி மேலேறி, இறந்தவர் கலசத்துக்குள் தலைகீழாகிவிடாதபடி தலையில் முடிக்கிறார்கள். கடைசிக்குச் சற்று முன் எடுக்கும் எலும்புக்கு ‘தொண்டைப் புத்தர்’ என்று பெயர். கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு அது. பார்த்தால் சம்மணமிட்டு அமர்ந்த புத்தர் போலவே இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதை ஜப்பானியர் அபசகுனமாகக் கருதுவது இந்த எலும்பெடுப்பை நினைவூட்டுவதால்தான்.

இடையில் இருக்கும் பாலம் பௌத்தம். குசிநகரில் புத்தர் இறந்தபோது, மல்லர்கள் பேரரசனுக்குரிய மரியாதையோடு சிதை அடுக்கினார்கள். மகாகாசியபர் வந்து வணங்கும்வரை சிதை பற்றவில்லை என்பது மகாபரிநிப்பான சுத்தம் சொல்லும் செய்தி. எலும்பு எட்டுப் பங்காயிற்று. பங்கிட்டுக்கொடுத்த துரோணர் என்னும் பார்ப்பனர் வெறும் கலயத்தைக் கேட்டு வாங்கினார். பிந்தி வந்த பிப்பலிவனத்து மோரியருக்குக் கரிதான் மிஞ்சியது. ஆகப் பத்துத் தூபிகள். இந்து வழக்கில் எச்சம் ஆற்றோடு போகவேண்டிய பொருள். பௌத்தத்தில் அதுவே வழிபடுபொருளாகிவிட்டது. எரிப்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை, எரித்த பின் கையில் இருப்பது என்ன என்பதில்தான் வேற்றுமை. எரிப்பதைக் கட்டாய விதியாகப் பௌத்தம் எங்கும் வைக்கவில்லை. விறகு கிடைக்காத திபெத்தில் பெரிய லாமாக்களுக்கே சிதை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பாறையும் பறவையும்.

ஜப்பானில் பதிவான முதல் எரிப்பு கி.பி. 700இல் இறந்த தோஷோ என்ற துறவியுடையது. அவர் சீனத்துக்குப் போய் யுவான் சுவாங்கிடம் பாடம் கேட்டவர். காஞ்சிபுரம் வரை வந்து திரும்பிய அதே யுவான் சுவாங். மூன்றே ஆண்டில், 703இல், பேரரசி ஜித்தோவின் உடலும் சிதையேறியது. சீனத்திலோ இது எளிதில் ஒட்டவில்லை. உடம்பும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சேதப்படுத்தாமல் காப்பதே பெற்றோர்மீதுள்ள கடமையின் தொடக்கம் என்பது கன்பூசியப் பாடம். சோங் வம்சத்தின் முதல் மன்னர் 962இல் எரிப்பைத் தடை செய்தார். தடை போட்ட காலத்தில்தான் அது பரவலாக நடந்தது. மிங் சட்டங்கள் பின்னர் இன்னும் கடுமையாயின. 1956 ஏப்ரலில் மாவோ சே துங்கும் சக தலைவர்களும் தங்களை எரிக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். சூ என்லாயின் சாம்பல் 1976இல் தூவப்பட்டது. அதே ஆண்டு இறந்த மாவோவின் உடல் மட்டும் பதனமிடப்பட்டு, கண்ணாடிப் பேழையில் பெய்ஜிங்கில் கிடக்கிறது.

மேற்கே ரோமர்கள் குடியரசுக் காலத்தில் பெரும்பாலும் எரித்தார்கள். பிணத்தை நகருக்குள் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்கிற பன்னிரு பட்டயச் சட்டம், இரண்டும் நடந்ததைக் காட்டுகிறது. கொர்னேலி குடும்பம் புதைக்கும் குடும்பம். அந்தக் குடும்பத்துச் சர்வாதிகாரி சுல்லா கி.மு. 78இல் எரிக்கப்பட்டார், பகைவன் மாரியசின் எச்சத்தைத் தான் தோண்டி எறிந்ததுபோல் தன்னையும் எவராவது தோண்டிவிடுவார்களோ என்ற பயம் காரணம் என்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமானிய மேட்டுக்குடி சிதையை விட்டுக் கல்பேழைக்கு மாறத் தொடங்கியது. கிறிஸ்தவம் அப்போது சிறுபான்மையினரின் மதம். ஐரோப்பாவில் சிதையை அணைத்ததே கிறிஸ்தவம்தான் என்ற வழக்கமான கூற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள் புதைத்ததற்கு முதல் காரணம் அவர்கள் யூத மரபிலிருந்து வந்தவர்கள் என்பது. தூக்கிலிடப்பட்டவனைக்கூட அன்றே அடக்கம் செய்யச் சொல்கிறது மோசேயின் சட்டம். விவிலியத்தில் ஒரு விலக்கும் உண்டு: பெலிஸ்தியர் சுவரில் தொங்கவிட்ட சவுல் அரசனின் உடலை யாபேசு ஊரார் மீட்டு வந்து எரித்து, எலும்பைப் புதைத்தார்கள். யூத மரபில் ‘லூஸ்’ என்றொரு எலும்பு பேசப்படுகிறது. முதுகுத்தண்டில் உள்ள அது அழியாது. இறுதிநாளில் உடம்பு அதிலிருந்து திரும்ப எழும். இஸ்லாமிய நபிமொழிகளில் வால் எலும்புக்கு இதே பெருமை. ஜப்பானின் தொண்டைப் புத்தரையும் சேர்த்தால், மூன்று மதங்கள் முதுகெலும்பின் கணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் நாஜி முகாம்களின் எரிஉலைகள் யூதர் மனத்தில் பழைய மறுப்போடு புதிய வடுவையும் சேர்த்தன.

உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை கிறிஸ்தவக் கல்லறைக்கே பெயர் தந்தது. அதற்கு வழங்கிய கிரேக்கச் சொல்லின் பொருள் துயிலிடம். எதிரிகளும் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். கி.பி. 177இல் லியோனில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்து, இனி எழவே முடியாதபடி சாம்பலை ரோன் ஆற்றில் பெருக்கிவிட்டார்கள் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதுகிறார். ஆனால் மினூசியஸ் ஃபெலிக்ஸ் என்ற பழைய கிறிஸ்தவ எழுத்தாளரின் உரையாடலில், எந்த முறையும் எங்களைக் கெடுத்துவிடாது, பழைய நல்ல வழக்கம் என்பதால் புதைக்கிறோம் என்றுதான் பதில் வருகிறது. சாம்பலிலிருந்து எழுப்பக் கடவுளால் முடியாதா என்ன? இறையியல் அன்றே இந்த இடத்தில் தெளிவாக இருந்தது. பிறகு வந்த கடுமைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அது எல்லைக்கோடு. எரிப்பவன் அஞ்ஞானி, புதைப்பவன் நம்மவன் என்ற கோடு. சார்லமேன் சாக்சனியரை அடக்கியபோது, 780களில் பிறப்பித்த சட்டத்தில், பழைய மத வழக்கப்படி பிணத்தைத் தீயிலிட்டு எலும்பைச் சாம்பலாக்குபவனுக்கு மரண தண்டனை விதித்தார். ஐரோப்பாவில் கடைசியாக மதம் மாறிய அரசு லிதுவேனியா. அதன் இளவரசர் அல்கிர்தாஸ் 1377இல் குதிரைகளோடு சிதையேறினார், பத்தாண்டு கழித்து நாடு ஞானஸ்நானம் பெற்றது. அதன்பின் நெருப்பு, கிறிஸ்தவ ஐரோப்பாவில் தண்டனைக்கு மட்டும் மிஞ்சியது. இறந்து புதைக்கப்பட்டிருந்த சமயச் சீர்திருத்தவாதி ஜான் விக்லிஃபின் எலும்பை 1428இல் தோண்டி எரித்துச் சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கொட்டினார்கள். எரிக்கப்படுவது என்றால் மதத்திலிருந்து எறியப்படுவது என்று ஐந்நூறு ஆண்டுக்குப் பொருளாயிற்று.

கோட்டின் மறுபக்கத்துக் குரலைக் கேட்ட ஒருவர் உண்டு. பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவோடு 922இல் வோல்கா கரைக்குப் போன இப்னு ஃபட்லான், ரூஸ் வணிகர் தலைவன் ஒருவனைக் கப்பலோடு எரித்ததைக் கண்ணால் பார்த்து எழுதினார். அருகில் நின்ற ரூஸ்காரன் ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அரபிகள் மூடர்கள் என்றானாம் அவன்: அன்புக்குரியவனை எடுத்துப்போய் மண்ணில் போட்டுப் புழுவுக்குத் தின்னக் கொடுக்கிறீர்கள், நாங்களோ ஒரு நொடியில் எரித்துவிடுகிறோம், அவன் அப்போதே சொர்க்கம் போய்விடுகிறான். மதப்பற்றுள்ள இப்னு ஃபட்லான் மறுப்புரை எதுவும் எழுதாமல் அதை அப்படியே பதிவு செய்திருப்பது அவருடைய பெருமை.

அவருடைய மதத்தில் இதற்கு இரண்டு கருத்து இல்லை. ஆதாமின் மகன் சகோதரனைக் கொன்றுவிட்டுப் பிணத்தோடு திகைத்து நின்றபோது, மண்ணைக் கிளறிக் காட்டிய காகத்தை அனுப்பினான் இறைவன் என்கிறது குர்ஆன். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டி, கபன் துணி இட்டு, ஜனாஸாத் தொழுகை தொழுது, வலப்பக்கமாகக் கிப்லாத் திசையை நோக்கிக் குழியில் வைப்பது ஊரார் எல்லார்மீதும் உள்ள கடமை. சிலர் செய்தால் மற்றவர்களுக்கும் நிறைவேறிவிடும், யாரும் செய்யாவிட்டால் எல்லார்மீதும் குற்றம். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்பது நபிமொழி. உடம்பு நோகும் பொருளாகவே பார்க்கப்படுகிறது. அதே நபிமொழித் தொகுப்புகளில், இறைவனுக்கு அஞ்சி, தன்னை எரித்துச் சாம்பலைத் தூவிவிடும்படி மகன்களிடம் சொல்லிச் செத்த ஒருவனின் கதையும் வருகிறது. இறைவன் சாம்பலைத் திரட்டி அவனை எழுப்பி, அந்த அச்சத்துக்காகவே மன்னித்தான். எரிப்பது தடுக்கப்பட்டது, எரிந்தவர் கைவிடப்பட்டவர் என்று பொருளில்லை.

சிதை ஐரோப்பாவுக்குத் திரும்பியதில் இந்தியாவுக்கும் ஒரு சிறு பங்குண்டு. கோல்ஹாப்பூர் மகாராஜா ராஜாராம் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30இல் ஃபிளாரன்சில் இறந்தார். ஆர்னோ ஆறும் முக்னோனே ஓடையும் கூடுமிடத்தில், கஷினே பூங்காவில், இந்து முறைப்படி அவர் உடல் எரிக்கப்பட்டது. அப்போது இத்தாலிய மருத்துவர்களும் பொறியாளர்களும் எரிஉலை ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார்கள். புரூனெட்டி என்ற பேராசிரியர் தம் உலை மாதிரியையும், அதில் எரித்த சாம்பலையும் 1873 வியன்னா கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்துத் திரும்பிய விக்டோரியா மகாராணியின் மருத்துவர் சர் ஹென்றி தாம்சன், 1874 ஜனவரியில் இங்கிலாந்துத் தகனச் சங்கத்தை நிறுவினார். கையெழுத்திட்டவர்களில் நாவலாசிரியர் டிராலப்பும் ஓவியர் மில்லேயும் உண்டு. நகரக் கல்லறைகள் நிரம்பி வழிந்ததும் தொற்றுநோய்ப் பயமும் அவர்களின் வாதம். மதம் பற்றிப் பேசாமலிருக்கவே பார்த்தார்கள்.

பேசியவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1876 டிசம்பரில் நடந்த முதல் உலைத் தகனத்தை முன்னின்று நடத்தியவர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட். பின்னாளில் சபைத் தலைமையகத்தைச் சென்னை அடையாறுக்குக் கொண்டுவந்து, 1907இல் அங்கேயே இறந்து தகனமானவர். இத்தாலியில் தகனச் சங்கங்கள் ஃபிரீமேசன்களின் கையில் இருந்தன. போப்பின் ஆட்சிப் பகுதியை இத்தாலிய அரசு பறித்துக்கொண்ட காலம் அது. சடலத்தை உலைக்கு அனுப்புவது, பாதிரியாருக்குக் கடைசி வேலையையும் கொடுக்காமல் போவது என்ற அறைகூவலாயிற்று. 1886 மே 19இல் ரோம் தகனச் சங்கங்களில் சேரவும், தன்னை எரிக்கச் சொல்லவும் கத்தோலிக்கருக்குத் தடை போட்டது. 1917இன் திருச்சபைச் சட்டத்தில் அது நிலைத்தது. சாம்பலிலிருந்து உயிர்த்தெழ முடியாது என்று அந்தத் தடையில் எங்கும் இல்லை. குறி, எரிப்பவர்கள்மீதே.

இங்கே தமிழ்நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஐரோப்பாவில் மதத்தை மறுத்தவர்கள் தீயைத் தேர்ந்தார்கள். தீ மதச்சடங்காக இருந்த தமிழ்நாட்டில், 1973இல் பெரியார் சென்னைப் பெரியார் திடலில் மண்ணுக்குள் வைக்கப்பட்டார். அதற்கு நான்காண்டு முன்பு அண்ணா மெரினாவில்.

இங்கிலாந்தில் தகனச் சங்கம் ஓக்கிங் ஊரில் நிலம் வாங்கி உலை கட்டி, 1879 மார்ச் 17இல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்துப் பார்த்தது. ஊர்ப் பாதிரியார் தலைமையில் மனு பறந்தது. உள்துறை அமைச்சர் தடுத்துவிட்டார். முடிச்சை அவிழ்த்தவர் சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிழவர். வேல்சின் லான்ட்ரிசன்ட் ஊரில், தம்மைப் பழைய துரூயிது மதகுரு என்று சொல்லிக்கொண்ட எண்பது வயது தாண்டிய மருத்துவர் வில்லியம் பிரைஸ், தம் ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு வேல்ஸ் மொழியில் இயேசு கிறிஸ்து என்றே பெயர் வைத்திருந்தார். 1884 ஜனவரியில் குழந்தை இறந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குன்றின்மேல் எண்ணெய் ஊற்றி எரிக்கத் தொடங்கினார். கோயிலிலிருந்து திரும்பிய ஊர் கொதித்தது. போலீசார் பாதி எரிந்த உடலை மீட்டார்கள். கார்டிஃப் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், பிறருக்குத் தொல்லை நேராதவரை பிணத்தை எரிப்பது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னார். இந்தியச் சாட்சியச் சட்டத்தை 1872இல் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன அதே ஸ்டீஃபன். சிதை அன்றாடக் காட்சியாக இருந்த நாட்டில் அவர் சில ஆண்டு இருந்தது தீர்ப்புக்கு உதவியதா என்பது ஊகத்துக்குரியது. அடுத்த ஆண்டு ஓக்கிங் உலையில் முதல் மனித உடல் எரிந்தது. 1891இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரின் உடலும் அங்கேதான். தகனச் சட்டம் 1902இல் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபை மெல்ல இறங்கி வந்தது. காண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் 1944இல் எரிக்கப்பட்டபோது சர்ச்சை ஓய்ந்திருந்தது.

அதே ஓக்கிங்கில் 1889இல் கட்டிய ஷாஜகான் மசூதியும் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்தியச் சிப்பாய்களில் இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரின் உடல்கள் பேச்சம் அருகே மேட்டுநிலத்தில் திறந்தவெளியில் எரிக்கப்பட்டுச் சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. எரித்த இடத்தில் 1921இல் வெள்ளைப் பளிங்குச் சத்திரி எழுந்தது. முஸ்லிம் சிப்பாய்கள் ஓக்கிங் மசூதிக்கு அருகிலுள்ள மையவாடிக்குப் போனார்கள். முஸ்லிம் வீரர்களை முறைப்படி அடக்குவதில்லை என்று ஜெர்மனி பரப்புரை செய்ததால், ஆங்கில அரசு வளைவும் சுவரும் கட்டி அந்த நிலத்தை முறையான மையவாடியாகவே ஆக்கியது. பேரரசுக்கு ஆள் தேவைப்பட்டபோது எல்லா முறைக்கும் இடம் கிடைத்தது. திறந்தவெளிச் சிதையோ 1930 விதிகளால் பிரிட்டனில் அடைபட்டது. நியூகாசிலில் வாழ்ந்த இந்து ஒருவர் தொடர்ந்த வழக்கில், மேற்கூரை திறந்த கட்டடத்துக்குள் விறகுச் சிதை சட்டத்துக்கு உட்பட்டதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2010இல்.

ஐரோப்பா எரிக்கப் பழகிய அதே பத்தாண்டில் ஜப்பான் எரிப்பதைத் தடை செய்தது. மெய்ஜி அரசு ஷிந்தோவை உயர்த்திப் பௌத்தத்தை ஒதுக்கிய வேகத்தில், 1873 ஜூலையில், தகனம் அந்நியப் பௌத்த வழக்கம் என்று நிறுத்தப்பட்டது. டோக்கியோவில் புதைக்க இடம் இல்லாமல் போயிற்று. பிக்குகள் இந்த முறை சாத்திரத்தை விட்டுவிட்டு, ஐரோப்பிய மருத்துவர்கள் பேசும் சுகாதாரத்தையே எடுத்து வாதாடினார்கள். 1875 மே மாதம் தடை போயிற்று. இன்று அங்கே நூற்றில் 99க்கு மேல் எரிப்புதான். அரச குடும்பம் 1654 முதல் பேரரசர்களைப் புதைத்தே வந்தது. தம்மை எரிக்கலாம் என்ற அப்போதைய பேரரசர் அகிஹிதோவின் விருப்பம் 2013இல் அறிவிக்கப்பட்டது.

ரோமின் தடை 1963 ஜூலையில் தளர்ந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையை மறுக்கும் நோக்கமில்லாமல் எரிக்கலாம், நல்லடக்கமே மேலானது. 2016இன் வழிகாட்டுதல் சாம்பலுக்கு எல்லை வகுத்தது: தூவக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது, பதக்கத்தில் அடைத்துக் கழுத்தில் போடக் கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் இன்னும் கொஞ்சம் தளர்வு வந்தது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அசையவில்லை. கிரேக்கத்தில் 2006இல் சட்டம் அனுமதித்தும் முதல் உலை ரித்சோனாவில் திறந்தது 2019இல். அதுவரை பிணங்கள் பல்கேரியாவுக்கு வண்டியேறின. கழுகில்லாத மும்பையில் பார்சிகள் சிலர் 2015இல் வொர்லி மின்மயானத்தில் தமக்கென ஒரு பிரார்த்தனைக் கூடம் அமைத்துக்கொண்டார்கள். ரத்தன் டாடாவின் இறுதிச்சடங்கு 2024இல் அங்கே நடந்தது. மின்உலையில் இருப்பது சூடுதான், தீச்சுவாலை இல்லை, எனவே தீ தீட்டாவதில்லை என்பது அவர்கள் தரப்பு வாதங்களில் ஒன்று. பழைமைவாதக் குருமார் இன்னும் ஏற்கவில்லை.

விரும்பி எரிப்பதற்கு மதங்கள் இப்படி வழிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், விரும்பாதவர்களையும் எரித்த அரசு ஒன்றும் வந்தது. கொரோனாவில் இறந்தவர் அனைவரையும் 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் சூட்டில் எரிக்க வேண்டும் என்று இலங்கை 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானியில் அறிவித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது சொன்ன காரணம். புதைப்பதோ எரிப்பதோ எதுவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே கூறியிருந்தது. பௌத்தத்தின் பெயராலும் இதை நியாயப்படுத்த இடமில்லை. சிங்கள பௌத்தர்களிலேயே புதைப்பவர்கள் ஏராளம். எதிர்த்து வந்த மனுக்களை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1இல் தள்ளியது. அந்த மாதம், பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அது கபன் துணி. காவலர்கள் அவிழ்க்க, மறுபடி கட்டினார்கள். பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்களும் முஸ்லிம்களும் நடந்த பேரணியில் இதுவும் ஒரு கோரிக்கை.

2021 பிப்ரவரி கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. இடம், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல்கள் அங்கேதான் வந்தன. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டது. எரிப்பதா, புதைப்பதா, மருத்துவப் பீடத்துக்குக் கொடுப்பதா என்பதை இறந்தவரோ அவருடைய உறவினரோ முடிவு செய்யச் சட்டம் கொண்டுவரவும் அதே கூட்டத்தில் இசைவு தந்தது.